இரவு ஒன்பதரை மணி அழைப்பு

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ கொடுத்தனுப்பிய சாமான்கள் வந்து சேர்ந்தன. பேரீச்சம்பழத்தை மூன்று வீட்டுக்குப் பகிர்ந்தேன். தைலத்தை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. பிள்ளை படம் பார்க்க நீ அனுப்பிய டேப்லட்டை மட்டும் உறை பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். கோபிக்காதே. போனில் இதைச் சொல்ல வந்தால் உன் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள், நீயும் அழுதுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதல் குற்றவாளி நான்தான். நீ வெளிநாட்டு வேலைக்குப் போன புதிதில் அவள் சாப்பிட மறுத்தபோது, என் போனில் பாட்டைப் போட்டுவிட்டுப் பிட்டை ஊட்டினேன். வாய் தானாகத் திறந்தது. பெரிய கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் போன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது என்றாகிவிட்டது. வயிறு நிறைந்ததும் தெரியாது, கறியில் உப்புக் கூடியதும் தெரியாது. ஒரு படம் முடிய அடுத்தது தானாக ஓடும். எந்த இடத்தில் நிறுத்துவது? முற்றத்துக் காகத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சொல்வாள், சோறு வைத்துக் கூப்பிடத் தெரியாது.

கிளினிக்கில் மிட்வைஃப்பிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட கணக்கைச் சொன்னார். இவள் வயதில், மூன்று நான்கு வயதில், திரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஓட்டமும் விளையாட்டுமாக 3 மணித்தியாலம். நித்திரை 10 முதல் 13 மணித்தியாலம். நித்திரைக் கணக்கைக் கேட்டதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது மாலை நான்கு மணிக்குப் பிறகு மட்டும் பார்க்கிறாள், நானும் கூட இருக்கிறேன். தானாக ஓடுவதை நிறுத்திவைத்தேன். "இன்னும் ஒரு கதை" என்று முன்னரே சொல்லி, அணைக்கும் பொத்தானை அவளையே அழுத்தவிடுகிறேன். ஆறரைக்கு எல்லாருடைய போனும் தையல் மெஷினுக்கு மேல் போய்விடும். பிள்ளையை விட அப்பாவுக்குத்தான் கஷ்டம், செய்தி பார்க்காமல் கை நடுங்குகிறது. முதல் நான்கு நாளும் அவள் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் அப்பா அவளைப் பழைய பாலத்துக்குக் கூட்டிப் போனார். பூரணை இரவில் மீன் பாடும் என்று நம் ஊரில் சொல்லும் அந்த வாவியில் வலை வீசுவதைப் பார்த்துவிட்டு, "மீன் ஏன் பாடவில்லை?" என்று கேட்டாளாம். பூரணை வரட்டும் என்று சொல்லித் தப்பியிருக்கிறார். இப்போது தினமும் பூரணைக்கு எத்தனை நாள் என்று கேட்டுக் கொல்கிறாள்.

சொல்லத் தயங்கியது இனித்தான். உனக்கு ஏழு மணிக்கு வேலை முடியும்போது இங்கே ஒன்பதரை. உன் அழைப்புக்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். பேசி முடித்த பிறகு உற்சாகத்தில் பதினொரு மணி வரை துள்ளல். முன்பள்ளிக்காகக் காலை ஆறரைக்கு எழுப்புகிறேன். ஏழரை மணித்தியாலம்தான் மகள்.

அழைப்பை நிறுத்து என்று சொல்வேனா? மிட்வைஃப்பிடம் அதையும் கேட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒன்றரை வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறதாம். அவர்களுக்கும் வீடியோ அழைப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறதாம். நேரத்தை மட்டும் மாற்றிக்கொள். இரவு வேலை வாரங்களில் சிக்கலே இல்லை, உனக்கு மாலை மூன்று மணி என்றால் இங்கே ஐந்தரை. பகல் வேலை என்றால் நீ எழும்பும் நாலரை மணிக்கு இங்கே ஏழு. சாப்பிட்டு முடித்து, நான் அவளுக்குத் தலை பின்னும் நேரம் அது. கதிரையில் போனைச் சாய்த்து வைக்கிறேன். என்னிடம் தலையைக் கொடுத்து ஒழுங்காக இருக்கமாட்டாள், நீ கதை சொன்னால் இருப்பாள்.

ரிப்பன் எந்த நிறம் என்று நீயே சொல். நான் எதை எடுத்தாலும் "அம்மா அதைக் கட்டமாட்டா" என்கிறாள்.

அன்புடன்,
அம்மா