புத்தகம் தாங்கும் சிலைக்கு எடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏப்ரல் 14 அன்று என் மகள் ஒரு ஜோடி 'புக் எண்ட்' வாங்கி அனுப்பினாள். அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இரு பக்கமும் முட்டுக் கொடுக்கும் சாமான். இரண்டிலும் மார்பளவு அம்பேத்கர். வட்டக் கண்ணாடி, கோட்டு, டை எல்லாம் அச்சு அசல். பித்தளை என்று நினைத்துத் தூக்கினால் பூப்போல வருகிறது. பித்தளைச் சாயம் பூசிய பிளாஸ்டிக், உள்ளே ஒன்றுமில்லை.

நியூ செஞ்சுரி வெளியிட்ட அவருடைய தமிழ் நூல் தொகுப்பு மொத்தம் 37. என்னிடம் இருப்பவை 11. நடுவில் அடுக்கியதும் இரண்டு சிலைகளும் மெல்ல விலக ஆரம்பித்தன. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்று கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. விற்றவர்களிடம் கேட்டேன். "இது ஷோவுக்கு சார், புத்தகம் வைக்கிறதுக்கு இல்ல" என்றார்கள்.

யாரை வைத்து ஷோ? 1917-இல் லண்டனிலிருந்து ஊர் திரும்பியபோது அவர் தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள், அந்தக் கப்பல் போரில் தாக்கப்பட்டதால் கடலோடு போயின. மனிதர் சளைக்கவில்லை, மறுபடி சேர்த்தார். மும்பை தாதரில் ராஜகிருகம் வீட்டைக் கட்டியபோது நூலகத்துக்கென்றே இடம் ஒதுக்கினார்.

நூலகத்தில் நாங்கள் வைத்திருந்தது 'எல்' வடிவத்தில் வளைத்த வெறும் இரும்புத் தகடு. அடித்தகட்டைப் புத்தகங்களுக்குக் கீழே செருகிவிடுவோம். புத்தகத்தின் கனமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அழகுச் சிலைக்கு அந்தத் தகடு கிடையாது, சொந்த எடையில்தான் நிற்க வேண்டும். ஆகவே செய்பவர்கள் கல்லிலோ வார்ப்பிரும்பிலோ செய்யட்டும். விலை கட்டாது என்றால் அடியில் ஒரு தகடாவது வைக்கட்டும். தலைவர் முகம் இருக்கிறது, எப்படியும் விற்றுவிடும் என்ற நினைப்புதான் எனக்குக் கோபம்.

அப்புறம் நானே அடிமூடியைக் கழற்றி மணல் நிரப்பி, கீழே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். இப்போது பதினொன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. கண்ணாடியை மட்டும் செம்புக் கம்பியில் வளைத்து மாட்டியிருக்கிறேன், கொஞ்சம் கோணல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
திண்டிவனம்.