ஸ்காபரோ மண்ணில் நிற்கும் வெளிச்சவீடு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை வழமையான வகுப்புகள் நடக்காது. அன்று பிள்ளைகளை ரொறன்ரோத் தீவில் உள்ள ஜிப்ரால்டர் முனை வெளிச்சவீட்டுக்குக் கூட்டிப் போகிறோம். அனுமதிப் படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

போன கிழமை பள்ளி வாசலில் ஒரு அம்மா கேட்டார்: "கதவு பூட்டித்தான் கிடக்குமாம், ஏறவும் விடமாட்டினமாம். வெளியில நிண்டு பாக்கிறதுக்கோ ரீச்சர் இவ்வளவு தூரம் போறியள்?" நியாயமான கேள்வி. சில சிறப்பு நாட்களில்தான் கதவு திறப்பார்கள், நாங்கள் போகும் நாள் அதில் ஒன்றல்ல. ஆனால் நான் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுவது வெளியில்தான் இருக்கிறது.

1808இல் அதைக் கட்டியபோது ஏரித் தண்ணீர் ஏறத்தாழ 8 மீற்றர் தள்ளித்தான் இருந்தது. இன்று 100 மீற்றர் அளவு நடக்க வேண்டும். கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, தரைதான் வளர்ந்திருக்கிறது. அந்த மண் எங்கிருந்து வந்தது? எங்கள் ஸ்காபரோவிலிருந்து. நாங்கள் கோடையில் காற்று வாங்கப் போகிறோமே, அந்த புளஃப்ஸ் மேடுகளை அலை அரிக்க, நீரோட்டம் அந்த மண்ணை மேற்கே இழுத்துக்கொண்டுபோய்க் குவித்ததில் உருவானவைதான் ரொறன்ரோத் தீவுகள். வெளிச்சவீடு கட்டிய காலத்தில் அது தீவாகக்கூட இருக்கவில்லை. கரையோடு ஒட்டிக் கிடந்த மணல்திட்டை 1858இல் ஒரு புயல் உடைத்துப் பிரித்தது.

பிள்ளைகள் வெளிச்சவீட்டின் கதவடியில் தொடங்கித் தண்ணீர்வரை அடி வைத்து எண்ணுவார்கள். 1808ஆம் ஆண்டின் கரை வரக்கூடிய இடத்தில் ஒரு கல்லை வைப்பார்கள். அதற்கு முன், ஒரு பின்னேரம் நீங்கள் அவர்களை புளஃப்ஸ் அடிவாரத்துக்குக் கூட்டிப்போய் அந்த மண்ணை ஒரு பிடி கையில் எடுத்துப் பார்க்க வைத்தால் எனக்குப் பெரிய உதவி.

சுவரையும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்வேன். கோபுரத்துக்கு ஆறு பக்கம். 1832இல் அதன் உயரத்தைக் கூட்டினார்கள். கீழே குயீன்ஸ்ரன் கல், மேலே கிங்ஸ்ரன் கல். இரண்டும் சேரும் இடத்தில் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். தொடக்கத்தில் திமிங்கில எண்ணெயில் எரிந்த விளக்கு அது, 1958இல் பணியிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள்.

ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அங்கே முதல் காவலராக இருந்த ரடல்முல்லர் 1815 ஜனவரி 2ஆம் திகதி கொல்லப்பட்டார். இரண்டு படைவீரர்கள் மீது வழக்கு நடந்தது, இருவரும் விடுதலையானார்கள். அதிலிருந்து கிளம்பிய பேய்க்கதைகள் இன்றுவரை உலாவுகின்றன. சின்ன வகுப்புகளுக்கு நாங்கள் இதைச் சொல்லமாட்டோம். பெரிய வகுப்புகளில் வழக்கைப் பற்றிக் கதைப்போம், பேயைப் பற்றி அல்ல. அண்ணாமார் அக்காமார் தம்பி தங்கைகளைப் பயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகளான மிசிசாகா மக்கள் உடலும் மனமும் ஆற வந்து தங்கிய நிலம் இது. படகை விட்டு இறங்கியதும் முதலில் அதைத்தான் சொல்வோம்.

புத்தகத்தில் 'கலங்கரை விளக்கம்' என்று படிக்கிறார்கள், வீட்டில் 'வெளிச்சவீடு' என்று கேட்கிறார்கள். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான்: கலங்களைக் கூப்பிடும் விளக்கு. பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்த அம்மம்மா, அப்பப்பா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கூட அனுப்புங்கள். பிள்ளைகள் அவர்களிடம் கேட்கக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பஸ் காலை 8.30க்குப் பள்ளி வாசலில் இருந்து வெளிக்கிடும், பின்னேரம் 4 மணிக்குத் திரும்பும். படகில் கால் மணி நேரம். இறங்கியபின் போக 2 கிலோமீற்றர், வர 2 கிலோமீற்றர் அளவு நடை, ஆனால் பாதை மட்டமானது. செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போட்டு அனுப்புங்கள். தண்ணீர்ப் போத்தல், மதியச் சாப்பாடு, ஒரு மேலங்கி. ஏரிக் காற்று ஜூனிலும் குளிரும், நுளம்பும் உண்டு. கச்சான் சேர்ந்த எதுவும் கட்டிக் கொடுக்காதீர்கள், இரண்டு பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

செலவைப் பெற்றோர் சங்கம் பொறுப்பெடுத்திருக்கிறது. கூட வரப் பெரியவர்கள் இன்னும் நான்கு பேர் தேவை. படிவத்தை வருகிற சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்