ஜெர்மன் ‘கூட்’டும் தமிழ் ‘நல்ல’வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சிராப்பள்ளியில் 11 ஆண்டுகளாக ஜெர்மன் மொழி கற்பித்து வருகிறேன். என்னிடம் படிக்க வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நர்சிங் முடித்த பெண்கள். இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பரில் பணியாளர் இடப்பெயர்வு குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும், இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப் போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு அறிவித்த பிறகும், அந்நாட்டு வேலைவாய்ப்பு பற்றிய செய்திகள் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. சம்பளம், விசா, எந்தத் தேர்வில் எந்த நிலை வேண்டும் என்பவையெல்லாம் அவற்றில் தெளிவாகவே இருக்கின்றன. அந்தத் தேர்வு வரை செல்லும் வழியில் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதை ஒரே ஒரு சொல்லைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அந்தச் சொல் ‘கூட்’. ‘சங்கு’ என்பதில் வரும் ‘கு’வை நீட்டி ஒலித்து, முடிவில் ‘ட்’ சேர்த்தால் போதும். பொருள் ‘நல்ல’. ஜெர்மனியில் ஒரு நாளைக்கு நூறு முறையாவது காதில் விழும் சொல் இது. முதல் வகுப்பில் முதல் பத்து நிமிடத்திலேயே ‘கூட்டென் மோர்கன்’ (காலை வணக்கம்) என்று சொல்லக் கற்றுவிடும் மாணவி, ஆறு மாதம் கழித்து ‘ஒரு நல்ல மருத்துவர்’ என்று சொல்லச் சொன்னால் திகைத்து நிற்கிறாள். காரணம், இந்தச் சொல் பெயருக்கு முன்னால் வரும்போதெல்லாம் தன் வாலை மாற்றிக்கொள்கிறது. கூட்டெ, கூட்டென், கூட்டெர், கூட்டெஸ், கூட்டெம் என ஐந்து வடிவங்கள் எடுக்கிறது.

இதைக் கற்பிக்கும் வழக்கமான முறை ஓர் அட்டவணை. வேற்றுமைகள் நான்கு. மூன்று பாலும் பன்மையும் சேர்ந்து ஒரு நான்கு. முன்னால் வரும் சொல் எந்த வகை என்பதில் மூன்று. பெருக்கினால் 48 கட்டங்கள். விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன், 48 கட்டங்களையும் மனப்பாடம் செய்தேன், எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வாய் திறந்து பேச முற்பட்டபோது ஒரு கட்டம்கூட உரிய நேரத்தில் வந்து நிற்கவில்லை. துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் மாணவி ஒருவர் அந்த அட்டவணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்திருப்பார். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், ‘அய்ன்’ (‘ஒரு’) என்பது வரை வேகமாக வருவார், பிறகு பார்வை கூரைக்குப் போய்விடும், வலது கை ஆள்காட்டி விரல் மேசைமேல் இல்லாத கட்டங்களை எண்ணத் தொடங்கும். ஐந்தாறு விநாடி கழித்துச் சரியான சொல்லைச் சொல்லுவார். எதிரே ஒரு நோயாளி படுத்திருந்தால் அந்த ஐந்தாறு விநாடி எவ்வளவு நீளம் என்பதை அவரே என்னிடம் கண்கலங்கிச் சொல்லியிருக்கிறார்.

அவருக்காகத்தான் ஒருநாள் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கரும்பலகையில் தமிழில் எழுதினேன். நல்ல மனிதன், நல்ல பெண், நல்ல புத்தகம். பெயர் மாறினாலும் ‘நல்ல’ மாறவில்லை. அதன் கீழே எழுதினேன்: மனிதன் நல்லவன், பெண் நல்லவள், புத்தகம் நல்லது. இப்போது அதே சொல் பாலுக்கு ஏற்ப மாறிவிட்டது. பெயருக்கு முன்னால் நிற்கும்போது அசையாமல் இருந்த சொல், வாக்கியத்தின் முடிவில் பயனிலையாக வந்ததும் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் காட்டுகிறது. இதைத் தமிழ்க் குழந்தை எந்த அட்டவணையும் இல்லாமல் மூன்று வயதில் பேசுகிறது. ‘அம்மா நல்லவன்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லக் கேட்டதில்லை.

பக்கத்தில் ஜெர்மனை எழுதினேன். டேர், டீ, டாஸ் என்பவை ஆங்கிலத்தின் ‘தி’ போல முறையே ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் பெயர்களுக்கு முன்னால் வரும் சொற்கள். ‘டேர் மன் இஸ்ட் கூட்’, ‘டீ ஃப்ராவ் இஸ்ட் கூட்’, ‘டாஸ் பூஹ் இஸ்ட் கூட்’. மனிதனோ பெண்ணோ புத்தகமோ, வாக்கியத்தின் முடிவில் ‘கூட்’ மாறவே இல்லை. அதையே பெயருக்கு முன்னால் கொண்டுவந்தால் ‘அய்ன் கூட்டெர் மன்’, ‘அய்னெ கூட்டெ ஃப்ராவ்’, ‘அய்ன் கூட்டெஸ் பூஹ்’ என்று மாறுகிறது. நாம் மாற்றாத இடத்தில் அவர்கள் மாற்றுகிறார்கள், நாம் மாற்றும் இடத்தில் அவர்கள் மாற்றுவதில்லை. கண்ணாடியில் பார்க்கும் முகத்தைப் போல இடம் வலம் மாறியிருக்கிறதே தவிர, முகம் நமக்குப் பழக்கமானதுதான்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு இடத்திலும் சொல் மாறுவதில்லை. அங்கும் ஒருகாலத்தில் இத்தகைய விகுதிகள் இருந்தன, நடு ஆங்கிலக் காலம் முடிவதற்குள் உதிர்ந்துபோயின. ஆகவே ஆங்கிலத்தின் வழியாக வருபவருக்கு ஒரு பண்புச்சொல் பாலுக்கேற்ப மாறுவதே புதுமையாகவும் அச்சமாகவும் இருக்கிறது. தமிழின் வழியாக வருபவருக்கு அந்த அச்சம் தேவையே இல்லை. நாம் செய்வது என்னவென்றால், தமிழில் சிந்திக்கும் ஒரு பெண்ணை ஆங்கிலத்துக்குள் இழுத்துச் சென்று, அங்கிருக்கும் அச்சத்தையும் கையில் கொடுத்து, பிறகு ஜெர்மனுக்குள் அனுப்புகிறோம். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, தன் உழைப்பால் நர்சிங் முடித்தவர்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடும் சிக்கலானதல்ல. ஒரு பெயர் எந்தப் பால், எந்த வேற்றுமை என்ற அடையாளத்தை அதற்கு முன்னால் நிற்கும் இரண்டு சொற்களில் ஒன்று சுமக்க வேண்டும். இருவர் சேர்ந்து போகும்போது ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டால் மற்றவர் கையை வீசிக்கொண்டு நடக்கலாம் அல்லவா, அப்படித்தான். ‘டேர்’ என்ற சொல் ஆண்பாலைக் காட்டிவிடுவதால் ‘டேர் கூட்டெ மன்’ என்பதில் ‘கூட்டெ’ ஓய்வாக இருக்கிறது. ‘அய்ன்’ என்ற சொல் ஆண்பாலுக்கும் ஒன்றன்பாலுக்கும் ஒரே வடிவில் வருவதால் அடையாளத்தைக் காட்டாது. அந்த மூட்டை ‘கூட்’டின் தலைக்கு வருகிறது. அப்போதும் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ‘டேர்’ என்பதன் ‘ர்’ வந்து ‘கூட்டெர்’ ஆகிறது, ‘டாஸ்’ என்பதன் ‘ஸ்’ வந்து ‘கூட்டெஸ்’ ஆகிறது, முன்னால் எந்தச் சொல்லும் இல்லாதபோது, நான்காம் வேற்றுமை வடிவமான ‘டேம்’ என்பதன் ‘ம்’ வந்து ‘கூட்டெம்’ ஆகிறது. டேர், டீ, டாஸ் சொற்களுக்குப் பின்னால் வரும் 16 கட்டங்களில் 5 இடங்களில் ‘எ’, மீதி 11 இடங்களிலும் ‘என்’. அவ்வளவுதான்.

வேற்றுமையிலும் இதே கதைதான். நாம் நல்ல நண்பன், நல்ல நண்பனை, நல்ல நண்பனுக்கு என்று உருபைப் பெயரின் பின்னால் ஒட்டுகிறோம், ‘நல்ல’வைத் தொடுவதில்லை. ஜெர்மனில் ‘அய்ன் கூட்டெர் ஃப்ராய்ண்ட்’, ‘அய்னென் கூட்டென் ஃப்ராய்ண்ட்’, ‘அய்னெம் கூட்டென் ஃப்ராய்ண்ட்’ என்று நண்பன் அப்படியே இருக்க, உருபு அவனுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஐ, கு என்ற உருபுகளைப் பள்ளியில் படித்த எவருக்கும் இதை விளக்கப் பத்து நிமிடம் போதும். எட்டு வேற்றுமை படித்தவர்களுக்கு நான்கு வேற்றுமை பாரமே இல்லை.

முதல் நாள் கற்ற வாழ்த்துகளிலேயே இந்த முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது என்பதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலை, பகல், மாலை ஆகிய மூன்றும் ஜெர்மனில் ஆண்பால். ஆகவே கூட்டென் மோர்கன், கூட்டென் டாக், கூட்டென் ஆபென்ட். இரவு பெண்பால். ஆகவே கூட்டெ நஹ்ட். ‘நல்ல காலைப்பொழுதை உங்களுக்கு விரும்புகிறேன்’ என்ற முழு வாக்கியத்தின் எச்சமே இந்த வாழ்த்து என்பதால் இரண்டாம் வேற்றுமை வந்திருக்கிறது. நோயாளியிடம் ‘விரைவில் குணமாகட்டும்’ என்று சொல்லும் ‘கூட்டெ பெஸ்ஸெருங்’, பயணம் புறப்படுபவரிடம் சொல்லும் ‘கூட்டெ ரைஸெ’, புத்தாண்டன்று சொல்லும் ‘கூட்டெஸ் நொயெஸ் யார்’ ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பாலையும் ஒரு வேற்றுமையையும் நம் நாக்கில் வைத்துவிட்டுப் போகிறது. இவற்றைப் பொருள் புரிந்து சொல்லப் பழகியவருக்கு ‘கூட்டென் அப்பெட்டீட்’ என்று கேட்டதுமே பசி என்பது ஆண்பால் சொல் என்று தானாகத் தெரிந்துவிடும். காலையில் வார்டுக்குள் நுழையும் செவிலியர் சொல்லும் முதல் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்: ‘கூட்டென் மோர்கன். ஹாபென் ஸீ கூட் கெஷ்லாஃபென்?’ வணக்கம், நன்றாகத் தூங்கினீர்களா? முதலில் பெயருக்கு முன் வாலோடு வந்த சொல், அடுத்து வினைக்கு முன் வாலின்றி வருகிறது. நமக்கு அங்கே ‘நல்ல’, இங்கே ‘நன்றாக’. இரண்டும் வேறு வேறு வேலை என்பதைத் தமிழ் ஏற்கனவே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

நலம் விசாரிப்பதிலும் அப்படியே. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ஆங்கில வழியில் வந்தவர் ‘இஹ் பின் கூட்’ என்று சொல்லிவிடுகிறார். அதற்கு ‘நான் திறமைசாலி’ என்றோ ‘நான் நல்லவள்’ என்றோ பொருளாகிவிடும். ஜெர்மன்காரர் சொல்வது ‘மீர் கேட் எஸ் கூட்’. ‘மீர்’ என்றால் ‘எனக்கு’. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பரவாயில்லை என்று நாள் முழுவதும் பேசும் நமக்கு இந்த ‘எனக்கு’ அந்நியமா?

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனில் பால் பொருளைப் பார்த்து வருவதில்லை. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். சிறுமி என்று பொருள்படும் ‘மேட்ஷென்’கூட ஒன்றன்பால்தான். உயர்திணை, அஃறிணை என்ற நம் பகுப்பு அங்கே செல்லாது. ஒவ்வொரு பெயரையும் அதன் டேர், டீ, டாஸோடு சேர்த்து மனத்தில் பதிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கூட், பெஸ்ஸெர், அம் பெஸ்டென் என்னும் ஒப்பீட்டு வடிவங்களுக்கு ஆங்கிலமே நல்ல துணை. தமிழ் தவறான வழியில் இழுத்துச் செல்லும் இடங்களும் உண்டு. ஒரு பயிற்சியின்போது ‘நோயாளிக்கு நல்ல காய்ச்சல்’ என்பதை என் மாணவி ‘கூட்டெஸ் ஃபீபெர்’ என்று எழுதியிருந்தார். ஃபீபெர் ஒன்றன்பால், ஆகவே ‘எஸ்’ மிகச் சரி. ஆனால் நாம் ‘நல்ல மழை’, ‘நல்ல வெயில்’, ‘நல்ல காய்ச்சல்’ என்று மிகுதியைச் சொல்வது போல ஜெர்மனில் ‘கூட்’ வராது. அங்கே மழை வலியது, காய்ச்சல் உயர்ந்தது: ‘ஹோஹெஸ் ஃபீபெர்’. மருத்துவமனைக் குறிப்பேட்டில் இது சிறிய பிழை அல்ல. இந்தப் பிழையையும் தமிழ் தெரிந்த ஆசிரியர்தான் முன்கூட்டியே கண்டு எச்சரிக்க முடியும்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, தமிழைக் கற்றபின் தம் நாட்டவருக்காக எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சானது. அதை அவர் லத்தீனில் எழுதினார். படிக்கப்போகிறவர்களுக்குப் பழகிய இலக்கணம் லத்தீன் இலக்கணம் என்பதே காரணம். புதிய மொழியைத் தெரிந்த மொழியின் தோளில் ஏற்றிக் காட்டும் இந்த வழி 300 ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரையில் கையாளப்பட்டது. அந்த மரியாதையை இன்று ஜெர்மன் கற்கும் தமிழ் மாணவருக்கு நாம் தரவில்லை.

வகுப்பில் ஜெர்மன் மட்டுமே பேச வேண்டும் என்று வாதிடுபவர்களை நான் அறிவேன். பேச்சுப் பயிற்சியைப் பொறுத்தவரை நானும் அவர்கள் பக்கமே. நான் கேட்பது இலக்கணம் விளக்கும் சிறிது நேரத்துக்கு மட்டும். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 நிலை (ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளில் நான்காவது) கேட்கப்படுகிறது. பெயருக்கு முன்வரும் சொல்லின் விகுதி இரண்டாம் படியான ஏ2 நிலையிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கேயே மனம் தளர்ந்து படிப்பை விட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி மையங்கள் தங்கள் குறிப்பேடுகளில் இந்த ஒரு பாடத்தையாவது தமிழ் இலக்கணச் சொற்களால் விளக்கி அச்சிட வேண்டும். பால், வேற்றுமை, உருபு, பயனிலை என்ற சொற்கள் பத்தாம் வகுப்பு முடித்த அனைவரும் அறிந்தவையே. தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு ஜெர்மன் சொல்லை இவ்வாறு தமிழோடு வைத்து விளக்க இடம் தந்தால், எழுதித் தர நானும் என்னுடன் பணிபுரியும் ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். துறையூர் மாணவி இப்போது பி1 எழுதக் காத்திருக்கிறார். பிளாஸ்டிக் உறை இன்னும் பையில்தான் இருக்கிறது. பேசும்போது அதை அவர் வெளியே எடுப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஜெர்மன் மொழி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.