காத்தவர்கள் பெயரும் கல்லில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும், இது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தப் பழக்கத்தால் நான் தெரிந்துகொண்ட ஒரு கோயிலின் கதையை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் கர்ட்லாண்ட் என்ற சிற்றூர் வந்துவிடும். மார்மன் சமயத்தார் (1830-ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறிஸ்தவச் சபையார்) முதன்முதலில் கட்டிய கோயில் அங்கேதான் இருக்கிறது. 2022 இலையுதிர் காலத்தில் மகள் அழைத்துப் போனாள். வெள்ளைச் சுவர், கூர்முனை ஜன்னல்கள், மேலே ஒரு சிறு கோபுரம். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெரிய கூடங்கள். ஒவ்வொரு கூடத்திலும் இரு முனைகளிலும் அடுக்கடுக்காகப் பிரசங்க மேடைகள். எந்த முனையில் பேச்சு நடக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பி உட்கார, பெஞ்சை நகர்த்திக்கொள்ளலாம். 190 வருடத்துக்கு முந்தைய தச்சுவேலை அது! வெளிப்பூச்சில் உடைந்த பீங்கானையும் கண்ணாடியையும் பொடித்துக் கலந்தார்கள், சுவர் வெயிலில் மின்ன வேண்டும் என்பதற்காக. கட்டியவர்களோ அன்றாடப் பாட்டுக்கே திண்டாடிய குடியானவர்கள். 1833-ல் தொடங்கி, 1836 மார்ச் 27-ல் பிரதிஷ்டை செய்தார்கள்.

அடுத்த இரண்டு வருடத்திலேயே நிலைமை தலைகீழாகிவிட்டது. 1837-ல் அவர்கள் நடத்திய வங்கி முழுகியது. 1838 தொடக்கத்தில் தலைவர் ஜோசப் ஸ்மித் ஊரை விட்டே தப்பிப் போனார், பெரும்பாலான மக்களும் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். கோயில் மட்டும் நின்றது. கொஞ்ச காலம் அதில் பள்ளிக்கூடம்கூட நடந்தது.

1844-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அதன் பிறகு சமயம் பல கிளைகளாகப் பிரிந்தது. பெருங்கூட்டம் பிரிகாம் யங் தலைமையில் மேற்கே யூட்டாவுக்குப் போனது. ஜோசப்பின் மனைவி எம்மா போகவில்லை. போகாதவர்களில் ஒரு பகுதியினர் 1860-ல் அவருடைய மகன் தலைமையில் தனிச் சபையானார்கள். இன்று அதன் பெயர் கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட். கர்ட்லாண்ட் கோயிலை ஏற்றுப் பராமரித்தது இந்தச் சின்னச் சபைதான்.

இனி வருவது என் துறை. 1880-ல் இந்தச் சபையார் கோயிலுக்கு உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதியின் கருத்துரை அவர்களுக்குச் சாதகமாக இருந்தது, ஆனால் வழக்கு கடைசியில் தள்ளுபடியானது. கருத்துரையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்றே வெகுகாலம் நம்பியிருக்கிறார்கள். உண்மையில் உரிமை வந்தது வேறு வழியில்: இடைவிடாமல் அனுபவித்து வந்ததால் கிடைத்த அனுபவ பாத்தியதை. அதாவது பூட்டித் திறந்து, பெருக்கி, ஒழுகிய கூரையை அடைத்ததே அவர்களுடைய பத்திரம். இதைவிட நியாயமான பத்திரத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

காக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இல்லினாய்ஸில் உள்ள நாவூ சாட்சி. அங்கே மார்மன் சமயத்தார் கர்ட்லாண்டைவிடப் பெரிய கோயிலைக் கட்டினார்கள். 1846-ல் ஊரைக் காலி செய்தார்கள். 1848-ல் யாரோ தீ வைத்ததில் உள்ளே இருந்ததெல்லாம் சாம்பல். மிச்சம் நின்ற சுவர்களை வாங்கிச் சீர்படுத்தப் பார்த்தவர்களுக்கும் கொடுத்துவைக்கவில்லை, 1850-ல் சூறாவளி சாய்த்துவிட்டது. கல்லையெல்லாம் ஊரார் எடுத்துப் போனார்கள். முகம் செதுக்கிய சூரியக் கற்கள் முப்பது இருந்தன, இன்று முழுசாகக் கிடைப்பவை சிலவே. 2002-ல் அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் முதல் தச்சன் கைபட்ட மரம் அதில் ஏது? கர்ட்லாண்டில் இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு சிறு கூட்டம் பக்கத்திலேயே இருந்ததால்தான் இருக்கிறது.

2024 மார்ச் 5-ல் அந்தக் கோயில் கைமாறியது. பிரிகாம் யங்கோடு மேற்கே போனவர்களின் வழிவந்த, யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அதை வாங்கியது. நாவூவில் ஜோசப் ஸ்மித் குடும்பம் வாழ்ந்த வீடுகள், செங்கல்லால் கட்டிய அவருடைய கடை, பழைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் சேர்த்து 19 கோடியே 25 லட்சம் டாலர். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஆள் உள்ள சபைக்கு முன்னால் அவர்கள் சில லட்சம் பேர், அவர்களுக்கும் தங்கள் பணிகளுக்குப் பணம் வேண்டும். வாங்கியவர்களும் இருபது நாளில், மார்ச் 25 அன்று, கோயிலைத் திறந்துவிட்டார்கள். முன்பு பராமரிப்புக்கென்று வாங்கிய கட்டணம்கூட இப்போது இல்லை. தங்கள் மற்ற கோயில்களைப் போல உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஆக்காமல், எல்லோரும் பார்க்கும் வரலாற்றுக் கட்டடமாகவே வைத்திருக்கிறார்கள். மனதார நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் 2022-ல் எங்களுக்குச் சுற்றிக் காட்டிய அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டியவர், சம்பளமில்லாத தொண்டர். அவருடைய அம்மாவும் அதே கூடத்துப் பெஞ்சுகளைத் துடைத்தவராம். மாடிப்படிக் கைப்பிடியில் கை வைத்து, "இதைப் பிடித்துத்தான் நான் நடக்கப் பழகினேன்" என்றார். அவருக்குக் கோயில் கைமாறிய அன்று எப்படி இருந்திருக்கும்!

எந்தச் சமயத்தின் நினைவிடம் ஆனாலும் முதலில் சொல்லப்படுவது கட்டியவர்களும் உயிர் கொடுத்தவர்களும்தான். அது சரிதான். கர்ட்லாண்டில் அவர்களுக்குப் பக்கத்திலேயே, இத்தனை காலம் கூரையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நிலையான ஓர் இடம் வேண்டும். கல்வெட்டிலும் வேண்டும், வழிகாட்டிகள் சொல்லும் கதையிலும் வேண்டும். இரண்டு சபைகளுக்கும் கோட்பாட்டில் எத்தனையோ பேதம் இருக்கலாம், இருக்கட்டும். ஒரு சொத்தின் வரலாற்றை எழுதும்போது நடுவில் வைத்திருந்தவரை விட்டுவிட்டு எழுதக் கூடாது. வில்லங்கச் சான்றிதழில்கூட நாங்கள் அப்படிச் செய்ததில்லை.

பிள்ளைகளைப் பார்க்க ஒஹாயோ பக்கம் வரும் வாசகர்கள் ஒரு நாள் கர்ட்லாண்ட் போய் வாருங்கள். கோயிலைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், இத்தனை வருடம் இதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திரப் பதிவு எழுத்தர்,
கிளீவ்லாந்து, ஒஹாயோ.