ஊதா கார்னேஷன் பற்றி மகளுக்கு

டோக்கியோவில் இருக்கும் அன்பு மகள் தேன்மொழிக்கு,

அன்னையர் தினத்துக்கு மாப்பிள்ளை வாங்கிவந்த ஊதா கார்னேஷனின் படம் பார்த்தேன். மரபணு மாற்றிய பூ என்று தோழி சொன்னதும், குழந்தை உள்ள வீட்டில் வைக்கலாமா என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறாய். வைக்கலாம், அம்மா. காலமெல்லாம் தாவரவியல் கற்பித்தவன் சொல்கிறேன்.

நீலமும் ஊதாவும் தரும் டெல்ஃபினிடின் என்ற நிறமியை உண்டாக்கும் நொதி கார்னேஷனிடம் கிடையாது. அதற்கான மரபணுவை 1991-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் பெட்டூனியா என்ற பூச்செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டது நீல ரோஜாவுக்கு. ரோஜா வழிக்கு வரவில்லை, கார்னேஷன் முந்திக்கொண்டது. அவர்கள் செடியைத் தேர்ந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்புச் செடியில் வைத்தால் பழைய நிறமி புதியதோடு கலந்து கெடுக்கும். அதனால், நிறமி உருவாகும் பாதையில் ஒரு படி அறுந்துபோன வெள்ளைச் செடியை எடுத்து, அந்தப் படிக்கும் பெட்டூனியாவின் மரபணுவையே வைத்தார்கள். 1996-இல் 'மூன்டஸ்ட்' என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் அது கடைக்கு வந்தது. பிறகு கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் வளர்த்து உலகெங்கும் அனுப்பத் தொடங்கினார்கள்.

உன்னைப் பயமுறுத்துகிற அந்த நிறமியின் வகைதான் ஊதாக் கத்தரிக்காயின் தோலிலும் இருக்கிறது. சிறுவயதில் நீ எவ்வளவு தின்றிருப்பாய்! செடி பரவிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். அடுக்கிதழ்ப் பூவில் மகரந்தம் மிகக் குறைவு. தண்டை வெட்டி நட்டுத்தான் செடியைப் பெருக்குகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, மரபணு மாற்றிய எல்லாப் பயிருக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடாதே. காற்றில் மகரந்தம் பறக்கும் மக்காச்சோளத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

எனக்குள்ள கவலை பூச்சிமருந்து பற்றியதுதான். கொய்மலர் எந்த நிறமாக இருந்தாலும் தோட்டத்தில் மருந்து தெளித்திருப்பார்கள். அது சாப்பிடுவதற்கென்று வளர்த்ததல்ல. பேரன் இதழைப் பிய்த்து வாயில் போடாதபடி ஜாடியை உயரத்தில் வை. பழக்கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே. பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ்கள் சீக்கிரம் சுருண்டுவிடும். தண்டின் நுனியைச் சாய்வாக நறுக்கி, தண்ணீரைத் தவறாமல் மாற்று. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா