டெட் தாக்குதலும் ஊர்ச் சனமும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

1968இல் வடவியட்நாம் படையும் வியட்கொங் கெரில்லாக்களும் தென்வியட்நாமில் நடத்திய டெட் தாக்குதல் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். களத்தில் தோற்றவர்கள் அரசியலில் வென்றுவிட்டார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். சரிதான். ஆனால் அது ஏன் அப்படி நடந்தது என்பதை அவர் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

1967 நவம்பரில், வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனுக்கு வந்து, போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று பேசினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. டெட் எனும் வியட்நாமியப் புதுவருடத்துக்கான போர்நிறுத்தத்தை நம்பித் தென்வியட்நாம் படையினர் பலர் வீட்டுக்குப் போயிருந்த நேரம், 1968 ஜனவரி கடைசியில், நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களும் ஊர்களும் தாக்கப்பட்டன. சைகோனில் அமெரிக்கத் தூதரக மதிலை உடைத்துப் புகுந்தவர்கள் இருபது பேரளவில்தான். சில மணித்தியாலங்களில் அவர்கள் முறியடிக்கப்பட்டார்கள். ஆனால் அந்த வளவுக்குள் பிணங்கள் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த சனம், நவம்பரில் கேட்ட பேச்சை எப்படி நம்பும்? தாக்குதலின் பலத்தைவிட, முன்கூட்டியே ஊட்டப்பட்ட அந்த நம்பிக்கைதான் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சனைச் சாய்த்தது என்பேன். மீண்டும் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று மார்ச் 31இல் அவர் அறிவித்தார். மே மாதம் பாரிஸில் சமாதானப் பேச்சு தொடங்கியது.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இது விளங்காத கதை இல்லை. விழவே விழாது என்ற ஆனையிறவு இராணுவத் தளம் 2000 ஏப்ரலில் விழுந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டது, டிசம்பரில் ஆட்சி மாறியது, 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. வரலாற்றுப் புத்தகத்தில் இவ்வளவும் நாலு வரிதான். அந்த நாலு வரிக்குள் தென்மராட்சி முழுவதும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களும் வட்டுப் போன தென்னைகளும்தான். கண்ணிவெடிக்குப் பயந்து சொந்த வளவுக்குள் கால் வைக்க முடியாமல் ஒழுங்கையில் நின்றவர்கள் எத்தனை பேர்!

வியட்நாமின் ஹியூ நகரமும் அப்படித்தான். அங்கே மூன்று வாரத்துக்கு மேல் சண்டை நடந்தது. குண்டுவீச்சில் செத்தவர்கள் ஒரு பக்கம். நகரைப் பிடித்தவர்களே கொன்று புதைத்த பொதுமக்கள் இன்னொரு பக்கம். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாரிஸ் ஒப்பந்தம் கைச்சாத்தாக 1973 ஜனவரி ஆனது. போர் 1975 ஏப்ரலில்தான் ஓய்ந்தது. அரசியல் திசை மாறிய பிறகும் ஏழு வருடம் சனம் செத்துக்கொண்டே இருந்தது.

தொடரின் அடுத்த பகுதியில் ஹியூ நகரத்து மக்களைப் பற்றியும் எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். போரைக் காணாத எங்கள் பிள்ளைகளும் இப்போது உங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சாவகச்சேரி, யாழ்ப்பாணம்.