புகார் கடிதம்: பொருந்தாத டேங்க் பேக், பாழான டேங்க் பெயின்ட், முடிவில்லாத அலைக்கழிப்பு

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் காந்த வகை டேங்க் பேக்கை, அதாவது பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டவைக்கும் பையை, வாங்கி அவதிப்படும் வாடிக்கையாளர் நான். போனில் சொல்லியாகிவிட்டது, மின்னஞ்சலில் எழுதியாகிவிட்டது, உங்கள் செயலியிலும் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு புது டிக்கெட் எண் (புகார் எண்), ஒரு புது ஆள். மறுபடியும் ஆதியிலிருந்து அதே கதையை நான் ஒப்பிக்க வேண்டும். இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்பதால் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து பொறுமையாக முழுதும் படியுங்கள்.

வாங்கும்போது உங்கள் தளத்தில் வண்டியின் மாடலைக் கேட்டீர்கள். நான் சரியாகத் தேர்ந்தெடுத்தேன். பச்சை நிறத்தில் 'பொருந்தும்' என்று வந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன். அந்தத் திரையின் படம் என்னிடம் இருக்கிறது, இணைத்துள்ளேன். என் வண்டியின் டேங்க் இரும்புதான். ஆனால் முன்பாதியின் இருபுறமும் பிளாஸ்டிக் கவர் மூடியிருக்கிறது. இரும்பு வெளியே தெரிவது பெட்ரோல் மூடியைச் சுற்றியும் சீட்டை ஒட்டிய பின்பகுதியிலும் மட்டுமே. உங்கள் பையில் நான்கு காந்த மடிப்புகள். பின்னால் உள்ள இரண்டும் பிடித்தன, முன்னால் உள்ள இரண்டும் பிளாஸ்டிக்கின் மேல் சும்மா கிடந்தன. காந்தம் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். டேங்க் பேக் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாது என்று நான் எப்படி நம்புவது? அந்த மாடலைப் பட்டியலில் சேர்த்தவர், ஒரே ஒரு தடவை அந்த வண்டியின் டேங்க்கில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் போதுமே.

முன்பக்கம் பிடிப்பில்லாததால் வேகம் கூடியதும் காற்று மடிப்புக்கு அடியில் புகுந்தது. பை இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே மாட்டிய ஒற்றை வார் மட்டும் இல்லாவிட்டால் என் பை நெடுஞ்சாலையில் கிடந்திருக்கும், பின்னால் வந்த வண்டிகள் என் மேல் ஏறியிருக்கும். ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டு மறு கையால் வண்டியை ஓரம் கட்டினேன். இதை உங்கள் ஆளிடம் சொன்னபோது கிடைத்த பதில்: "ஸ்பீடா போனா அப்படித்தான் சார் இருக்கும்." தொலைதூரப் பயணத்துக்கான பை என்று நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். பின்னே, நடந்து போகவா வாங்கினேன்?

அந்த ஆட்டத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? சாலைத் தூசியில் பொடிப்பொடியாக இரும்புத் துகள் இருக்கும். காந்தம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். பிடித்திருந்த பின்பக்க மடிப்புகள், அந்தத் துகளோடு சேர்ந்து டேங்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கின்றன. இறங்கிப் பையை எடுத்துப் பார்த்தால் பெயின்ட்டில் பிறை வடிவில் கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. விரலால் தடவினால் நகம் தடுக்குகிறது. துடைத்து மெழுகு போட்டும் போகவில்லை. என் வண்டியின் அழகே அந்த டேங்க்தான். இப்போது அதைப் பார்க்கவே மனம் கசக்கிறது. இனி முழு டேங்க்கையும் பெயின்ட் அடிக்காமல் வேறு வழியில்லை. அதற்கும் உங்கள் பதில் தயாராக இருந்தது, "சுத்தமா வெச்சிருக்கணும் சார்." ஓடுகிற வண்டியில், பைக்கு அடியில் படியும் தூசியை எப்படித் துடைப்பது என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

காந்த வகை சரிவராது, ரிங் வகை அனுப்புகிறோம் என்று பிறகு ஒருவர் சொன்னார். அவர் ஒருவர்தான் மரியாதையாகப் பேசினார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, அவற்றின் இடத்தில் ரிங்கை முடுக்கி, பையை அதன்மேல் 'டக்' என்று மாட்டும் முறை. டேங்க்கைப் பையே தொடாது, கீறலும் விழாது. சரி என்றேன். வந்த பார்சலில் ரிங் இருந்தது, ஸ்க்ரூ குட்டை. மூடியைச் சுற்றித் தெரியும் ஸ்க்ரூக்களில் சில வெறும் அழகுக்கு வைத்தவை, அடியில் மரையே கிடையாது. எது மரை உள்ளது, எது டம்மி என்று உங்கள் தாளில் ஒரு வரி கூட இல்லை. ரிங்கில் உள்ள துளைகளோ டம்மி இருக்கும் இடத்தில்தான் வந்து உட்காருகின்றன.

இதைக் கேட்கத்தான் மறுபடி போன் செய்தேன். அன்று எடுத்த மனிதர் பேசியதை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். "உங்களுக்கு ஒரு அல்லன் கீ பிடிக்கத் தெரியலைன்னா அதுக்குக் கம்பெனி என்ன சார் பண்ணும்?" என்றார். அல்லன் கீ என்பது ஸ்க்ரூ முடுக்கும் அறுகோணச் சாவி. நான் நிதானமாக, துளைகளே பொருந்தவில்லை என்று விளக்கினேன். "அப்போ பைக்கை மாத்துங்க" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சா இது? உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். டிக்கெட் எண் இணைப்பில் உள்ளது.

அதோடு விட்டதா? சரியான ரிங் வந்துவிட்டது, வண்டியோடு நேரில் வாருங்கள், நாங்களே மாட்டித் தருகிறோம் என்று குறுஞ்செய்தி வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் அவ்வளவு தூரம் ஓட்டி வந்தேன். பாகங்கள் பிரிவு பூட்டிக் கிடக்கிறது. காவலாளிதான் பாவம், உட்கார நாற்காலி கொடுத்தார். மதியம் தாண்டி வந்தவர் ஒரு பெட்டியை நீட்டினார். திறந்தால், முன்பு வந்த அதே ரிங், அதே துளைகள். "சிஸ்டம்ல இதுதான் சார் காட்டுது" என்று கை விரித்தார். வாசலில் நிற்கிறது வண்டி, வந்து ஒரு பார்வை பாருங்கள் என்று கெஞ்சினேன். எழுந்து வரவில்லை. நண்பர்கள் எனக்காகக் காத்திருந்துவிட்டு, கடைசியில் நான் இல்லாமலே மலைப் பயணம் கிளம்பிவிட்டார்கள். வருடம் முழுக்கத் திட்டமிட்டது அது. அந்த நாளை எந்தப் பணத்தாலும் உங்களால் திருப்பித் தர முடியாது.

முன்பே சொல்ல வேண்டியது ஒன்று விட்டுப் போயிற்று, இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பை 15 லிட்டர், ஜிப்பைத் திறந்து விரித்தால் 22 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். விரித்த நிலையில் ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்ப முடியவில்லை. இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறுகிறது. வலப்பக்கம் ஒடித்தால் பையின் மூலை, இஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச்சில் போய் இடிக்கிறது. மேட்டில் வண்டியைத் திருப்பும்போது, பாதித் திருப்பத்தில் இஞ்சின் பொசுக்கென்று நின்றுவிட்டது. கால் ஊன்றத் தாமதித்திருந்தால் வண்டி என் மேல் விழுந்திருக்கும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்ப்பது, எந்த டேங்க் பேக்கை மாட்டினாலும் முதலில் செய்யும் சோதனை. நீங்கள் செய்தீர்களா? பெட்ரோல் மூடியில் காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். உங்கள் பையின் தட்டையான அடிப்பாகம் சரியாக அதன்மேல் படுத்துக்கொள்கிறது. பெட்ரோல் போட மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்ததைக் கேட்டேன். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விட்டுத் தைக்கக் கூடாதா? இதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை, கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 'நீர்புகாப் பை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நீர்புகாது என்றால் மூட்டுகளை வெப்பத்தில் ஒட்டியிருக்க வேண்டும், வாயைச் சுருட்டி மூட வேண்டும். இதுவோ சாதாரணத் தையல், சாதாரண ஜிப், மேலே போர்த்த ஒரு ரெயின் கவர். கவர் மேல்பக்கத்தை மட்டும் மறைக்கிறது. டேங்க்கில் வழியும் தண்ணீர் அடித்தையல் வழியாக ஏறி, வண்டிப் பத்திரங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. மேலே உள்ள கண்ணாடி உறையில் வைத்த போனும் நனைந்து, இப்போது சார்ஜ் ஏற மறுக்கிறது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு முன்விரோதம் எதுவும் கிடையாது. நீங்கள் நேர்மையானவர்கள் என்று நம்பியே இன்னும் வெளியே எங்கும் போகாமல் உங்களுக்கே எழுதுகிறேன். பையின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். கூப்பனோ, அடுத்த முறை தள்ளுபடியோ எனக்கு வேண்டாம். டேங்க்குக்குப் பெயின்ட் அடிக்கும் செலவையும், போன் பழுதுபார்க்கும் செலவையும், உங்கள் பேச்சை நம்பி வீணாக வந்துபோன செலவையும் ஈடு செய்யுங்கள். என்னிடம் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. என் மாடலை அந்தப் பட்டியலிலிருந்து இன்றே நீக்குங்கள். எனக்குப் பிறகு வாங்குகிறவர் மேட்டில் விழுந்து கை காலை உடைத்துக்கொண்டால் அந்தப் பாவம் உங்களையே சேரும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் பில், படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். கில் சுவிட்ச்சில் பை இடிக்கும் வீடியோவும் கையில் இருக்கிறது, அதைப் பொதுவில் போடவும் தயங்க மாட்டேன். அந்த நிலைமைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பையும் இரண்டு ரிங்குகளும் பிரித்த பெட்டியிலேயே பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நான் இன்னொரு முறை தூக்கிக்கொண்டு வர மாட்டேன். போனில் அழைப்பதாக இருந்தால், அல்லன் கீ பற்றிப் பேசிய அந்த நபரை வைத்து மட்டும் அழைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், 'பொருந்தும்' என்று காட்டிய திரையின் படம், டேங்க் கீறல் படங்கள், ரிங் துளைகளின் படம், குறுஞ்செய்திகள், டிக்கெட் எண்கள்.